பழைய கவரிங் நகைகளால் ஆன சுவர்ச் சித்திரங்கள்: என்ன விலை சொல்வது, எங்கே விற்பது?

கேள்வி: நான் அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலத்தின் எடிசன் அருகே வசிக்கிறேன். எங்கள் தெருவில் இருந்த ஒரு மூதாட்டி காலமான பிறகு அவருடைய வீட்டில் நடந்த எஸ்டேட் சேலில் (இறந்தவரின் வீட்டுப் பொருள்களை விற்கும் விற்பனையில்), ஃபிரேம் போட்ட மூன்று படங்களை 60 டாலருக்கு வாங்கினேன். மூன்றுமே பழைய ப்ரூச் (உடையில் குத்திக்கொள்ளும் அலங்கார ஊசி), காதணி, முத்துமாலைத் துண்டுகள் ஆகியவற்றை வெல்வெட் துணிமேல் ஒட்டிச் செய்தவை. ஒன்று கிறிஸ்துமஸ் மரம்; இடையிடையே சிறு விளக்குகள் இருக்கின்றன; பின்புறம் பென்சிலால் ‘ஆர்.எம். 1971’ என்று எழுதியிருக்கிறது. இன்னொன்று மயில். மூன்றாவது பூக்கூடை. சில கற்கள் விழுந்திருக்கின்றன. எட்சி என்ற இணைய விற்பனைத் தளத்தில் ‘கைவேலை’ என்று போட்டால் ஒவ்வொன்றும் 500 டாலருக்குப் போகும் என்கிறாள் தோழி. நகைகளைப் பிரித்தெடுத்து எடைக்கு விற்றுவிடலாம் என்கிறார் கணவர். நான் என்ன செய்வது? கற்களை மாற்றிப் பதிக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய புகைப்படங்களை முகப்பும் பின்புறமுமாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸ் மரத்துக்கு 160 டாலரும் மயிலுக்கு 120 டாலரும், இரண்டுக்கும் அனுப்பும் செலவு தனியாக, விலை வைக்கலாம் என்பது என் மதிப்பீடு. பூக்கூடையை 40 டாலர் அளவில் உள்ளூரிலேயே விற்றுவிடுங்கள். எதையும் பிரிக்க வேண்டாம். எதையும் உங்கள் கைவேலை என்று பட்டியலிடவும் வேண்டாம்.

நகை என்றதும் நம் மனம் எடைக்குத்தான் போகும். கல்லைக் கழித்து, சேதாரமும் செய்கூலியும் கணக்கிட்டு, அன்றைய தங்க விலையால் பெருக்கிப் பார்த்தே நாம் வளர்ந்திருக்கிறோம். இந்தப் படங்களில் அந்தக் கணக்கு செல்லாது, ஏனென்றால் ஒட்டப்பட்டிருக்கும் உலோகத்துக்குப் பெரும்பாலும் விலையே இல்லை. அதன் மதிப்பு முழுவதும் செய்நேர்த்தியில் இருக்கிறது. தஞ்சாவூர் ஓவியத்தை வாங்குகிறவர் அதிலுள்ள கண்ணாடிக் கற்களை எண்ணியும் தங்க ரேக்கை நிறுத்தும் விலை பேசுவதில்லை. முகத்தின் களையையும், வேலையின் நுணுக்கத்தையும், வயதையும், சேதத்தையும் பார்க்கிறார். உங்கள் மரத்தையும் மயிலையும் வாங்கப்போகிறவரும் அப்படித்தான் பார்ப்பார்.

உங்கள் கணவரின் யோசனையை நான் அலட்சியப்படுத்தவில்லை. பழைய கவரிங் நகைகளைப் பவுண்டு கணக்கில் மொத்தமாக விற்பதும் வாங்குவதும் அமெரிக்காவில் வழக்கம்தான். ஆனால் படத்தில் ஒட்டப்பட்ட நகை, நகையாக இருக்கும் தகுதியை ஏற்கெனவே இழந்துவிட்டது. நீங்கள் அனுப்பிய நெருக்கப் படத்தில் மரத்தின் இடது ஓரத்து ப்ரூச்சைப் பாருங்கள்: வெல்வெட்டில் தட்டையாக உட்கார வேண்டும் என்பதற்காக அதன் ஊசியையும் கொக்கியையும் குறடால் வெட்டியிருக்கிறார்கள், வெட்டிய முனை ஓரமாகத் தெரிகிறது. காதணிகளில் பெரும்பாலானவை ஜோடியில்லாத ஒற்றைகள். பிடுங்கினால் முலாம் கீறும், பின்பக்கத்தில் பசை தங்கும், பின்னால் ஃபாயில் (மெல்லிய உலோகப்) பூச்சுள்ள கற்கள் உதிரும். கிடைக்கப்போகும் சில டாலருக்காக ஒருவர் பல மாலைப்பொழுதுகள் உட்கார்ந்து அடுக்கிய அழகு மீட்க முடியாமல் போய்விடும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பிரிக்காமலேயே, நல்ல வெளிச்சத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஒவ்வொரு நகையின் ஓரத்தையும் பார்த்துவிடுங்கள். போர்க்காலத்தில், 1942 முதல், வெள்ளீயம் ராணுவத் தேவைக்காகக் கட்டுப்படுத்தப்பட்டதால், அமெரிக்கக் கவரிங் நகைத் தயாரிப்பாளர்கள் சில ஆண்டுகள் ஸ்டெர்லிங் வெள்ளியில் (92.5 சதவீதம் தூய வெள்ளி) பொன்முலாம் பூசி ப்ரூச்சுகள் செய்தார்கள். அப்படி ஒன்று படத்துக்குள் இருக்க இடமுண்டு. ‘ஸ்டெர்லிங்’, ‘925’, ‘14கே’ (14 காரட் தங்கம்) போன்ற முத்திரை எங்காவது தெரிந்தால் அதைத் தனியே புகைப்படமெடுத்து விவரணையில் சேருங்கள். படத்தின் விலைக்கு அது வலுச் சேர்க்கும். டிரைஃபாரி நிறுவனத்தின் கிரீட வடிவ ப்ரூச், ஐசன்பெர்க், வைஸ் ஆகிய பெயர்களில் வந்த கனமான கல் ப்ரூச்சுகள் போன்றவற்றைத் தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பெயர் முத்திரை பின்பக்கத்தில் இருக்கும், பின்பக்கமோ பசையில் மூழ்கியிருக்கிறது. முத்திரையைக் கண்ணால் பார்க்காமல் அந்தப் பெயர்களை எழுதாதீர்கள்.

இத்தகைய படங்கள் அமெரிக்க வீடுகளில் ஏன் பிறந்தன என்பது தெரிந்திருந்தால் விலை சொல்வதும் விவரணை எழுதுவதும் எளிதாகும். ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் மையமாகக் கொண்டு இருபதாம் நூற்றாண்டில் கவரிங் நகைகள் ஏராளமாக உற்பத்தியாயின. 1953இல் அதிபர் ஐசனோவரின் பதவியேற்பு நடன விருந்துக்கு அவருடைய மனைவி மேமி, டிரைஃபாரி செய்த செயற்கை முத்துகளை அணிந்து சென்றார். கவரிங் அணிவது கௌரவக் குறைவில்லை என்று நடுத்தர வர்க்கப் பெண்கள் எண்ணிய காலம் அது. 1949இல் தொடங்கிய சாரா கவென்ட்ரி போன்ற நிறுவனங்கள் கடையே வைக்காமல் வீட்டு விருந்துகளில் நகை விற்றன. காது குத்தாதவர்களுக்கான கிளிப் காதணிகளும் திருகு காதணிகளும் எளிதில் கழன்று விழுபவை. ஒன்று தொலைந்தால் மற்றதை எறிய மனம் வராது. அப்படி மேசை இழுப்பறைகளில் சேர்ந்த ஒற்றைக் காதணிகளும், கல் விழுந்த ப்ரூச்சுகளும், மாமியாரும் அத்தையும் விட்டுச்சென்ற மாலைகளும்தான் கறுப்பு வெல்வெட்டில் கிறிஸ்துமஸ் மரங்களாயின. பெயர் எழுதாமல் போன இல்லத்தரசிகளின் கலை இது. அருங்காட்சியகம் வாங்காது என்பதால் அதை மலிவாக நினைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

இப்போது வயது. விற்பனையில் வயதுக்கு இரட்டைப் பங்கு உண்டு: விலையையும் அதுதான் தீர்மானிக்கும், எந்தத் தளத்தில் விற்கலாம் என்பதையும் அதுதான் தீர்மானிக்கும். ஒரு படத்திலுள்ள நகைகளில் எது கடைசியாகச் சந்தைக்கு வந்ததோ அதற்கு முன்னால் அந்தப் படம் செய்யப்பட்டிருக்க முடியாது. உங்கள் மரத்தின் மேலிருந்து மூன்றாவது வரிசையில் பனிப்பூ வடிவ ப்ரூச் ஒன்று இருக்கிறது. சாய்த்துப் பார்த்தால் கற்களில் ஊதாவும் பச்சையும் மாறிமாறி ஓடும். அரோரா போரியாலிஸ் என்ற அந்தப் பூச்சை ஸ்வரோவ்ஸ்கி நிறுவனம் 1950களின் நடுவில்தான் அறிமுகப்படுத்தியது. ஆகவே மரம் அதற்குப் பிந்தையது. அதிலுள்ள எந்த நகையும் 1971ஆம் ஆண்டோடு முரண்படுவதாக எனக்குத் தெரியவில்லை. வெல்வெட்டின் நிறமங்கலும் பின்தாளின் பழுப்பும் ஒத்துப்போகின்றன. பென்சில் குறிப்பை நம்பலாம்.

மயிலில் தேதியில்லை. ஆனால் பின்புறத்துப் பழுப்புத் தாள் ஒருமுறைகூடக் கிழிக்கப்படாமல் இருக்கிறது. அதன்மேல் ஃபிரேம் கடையின் சீட்டு ஒட்டியிருக்கிறது. சீட்டிலுள்ள முகவரியில் ஜிப் குறியீடு (அமெரிக்க அஞ்சல் எண்) இல்லை. அமெரிக்க அஞ்சல் துறை ஜிப் குறியீட்டை 1963இல் கொண்டுவந்தது. அதன்பின் சில ஆண்டுகள் பழைய சீட்டுகள் புழங்கியிருக்கக்கூடும் என்று வைத்துக்கொண்டாலும், ‘1960கள் அல்லது அதற்கு முன் என்று கருதலாம், ஃபிரேம் கடைச் சீட்டு உள்ளது’ என்று எழுதுவது நியாயமான கூற்று.

பூக்கூடையின் கதை வேறு. ஃபிரேமின் பின்புறம் பார்கோடும், அதற்குக் கீழே ஓர் இணையதள முகவரியும் அச்சாகியிருக்கின்றன. அப்படியானால் அந்த ஃபிரேம் 1990களின் நடுப்பகுதிக்கு முந்தையதாக இருக்க முடியாது. எவ்வளவு பிந்தையது என்பதற்கு ஆதாரமில்லை. பூவிதழ்களுக்கிடையே மெல்லிய நூல்போல் ஓடுவது பசைத் துப்பாக்கியிலிருந்து வந்த சூட்டுப் பசை. அழகான வேலைதான், ஆனால் பழமையை நிறுவ வழியில்லை.

உங்கள் தோழியின் யோசனை தவறிப்போவது இங்கேதான். எட்சியில் பிறர் செய்த பழைய பொருளை விற்க வேண்டுமானால், அது குறைந்தது 20 ஆண்டுப் பழமையானதாக இருக்க வேண்டும். அதை ‘விண்டேஜ்’ பிரிவில்தான் போட வேண்டும். கைவேலைப் பிரிவு விற்பவரே செய்த பொருளுக்கானது. மரமும் மயிலும் விண்டேஜாகத் தகுதி பெறும். பூக்கூடை கைவேலையாகவும் தகுதி பெறாது, விண்டேஜாகவும் நிறுவ முடியாது. ஆகவே எட்சியில் அதற்கு இடமில்லை. ஈபே என்ற இன்னொரு விற்பனைத் தளத்தில் இந்த வயது வரம்பு இல்லை. தளத்தின் விதி ஒருபுறம் இருக்கட்டும். இன்னொரு பெண்ணின் வேலையைத் தன் வேலையாகத் தோன்றும்படி விற்பது சரியல்ல என்று உங்களுக்கே தோன்றியதால்தான் எனக்கு எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

500 டாலர் என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குப் புரிகிறது. தளங்களில் தேடினால் கண்ணில் படுவது விற்பவர்கள் கேட்கும் விலை. கேட்பதை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஈராண்டாக விற்காமல் கிடக்கும் படமும் அந்தப் பட்டியலில்தான் இருக்கும். ஈபேயில் தேடிய பிறகு, ‘விற்றவை’ என்ற வடிகட்டியைப் போடுங்கள். அதில் வருபவைதான் உண்மையில் பணம் கைமாறியவை. வாங்குபவர் பேரம் பேசி வாங்கியிருந்தால் விலையின்மேல் கோடு அடித்திருக்கும். இறுதி விலை அதைவிடக் குறைவு என்று பொருள். உங்கள் மரத்தின் அளவுக்கு நெருங்கிய, கறுப்பு வெல்வெட்டில் உள்ள, விளக்குடன் கூடிய படங்களை மட்டும் ஏழெட்டு எடுத்துக்கொண்டு, மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் ஒதுக்கிவிட்டு நடுவில் உள்ளவற்றைப் பாருங்கள். எந்த மாதத்தில் விற்றது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நவம்பரில் விற்ற மரத்தையும் மார்ச்சில் விற்ற மரத்தையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

ஒப்பிடும்போது என் கண் முதலில் தேடுவது அமைப்பை. நகைகளை நெருக்கமாக, வெல்வெட் தெரியாதபடி அடுக்கிய மரம் ஒரு தரம். அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒட்டியது வேறு தரம். உங்கள் மரத்தில் பெரிய ப்ரூச்சுகள் கீழேயும் சிறிய காதணிகள் மேலேயுமாகப் படிப்படியாகக் குறைந்து செல்கின்றன. தொட்டி ஓர் அகன்ற கைச்சங்கிலியின் ஒற்றைக் கண்ணி. உச்சியில் நட்சத்திரத்துக்குப் பதிலாக ஒற்றை முத்துக் காதணி. செய்தவருக்கு நிதானமான கண் இருந்திருக்கிறது. மயிலின் தோகையில் நீலக் கற்கள் வெளியிலிருந்து உள்ளே அடர்ந்துகொண்டே வருவதும் அப்படித்தான். விவரணையில் இவற்றைச் சொல்லுங்கள். வாங்குபவர் பார்க்கத் தவறியதைக் காட்டிக்கொடுக்கும் விவரணை, வெறும் புகழ்ச்சி வார்த்தைகளைவிட அதிகம் விற்கும்.

அடுத்தது கையில் நிற்கும் தொகை. மரத்தை 160 டாலருக்கு வைத்து, அனுப்பும் செலவாக 60 டாலர் வாங்குகிறீர்கள் என்று கொள்வோம். வாங்குபவர் கட்டும் விற்பனை வரி சுமார் 15 டாலர், மொத்தம் 235. ஈபே தன் கட்டணத்தைப் பொருளின் விலைமேல் மட்டுமல்லாமல் அனுப்பும் செலவையும் வரியையும் சேர்த்த முழுத்தொகைமேல் எடுக்கிறது. அது 13.6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஓர் ஆர்டருக்கான சில்லறைக் கட்டணத்தையும் சேர்த்து 32 டாலருக்குச் சற்று மேல் போகும். அட்டைப்பெட்டி, குமிழி உறை, நாடா எல்லாமாக 14 டாலர். படத்தின் அடக்க விலை 20 டாலர். அனுப்பும் செலவாக வாங்கிய 60 டாலர் அஞ்சலுக்கும், 15 டாலர் வரிக்கும் போய்விட, உங்களுக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 93 டாலர். எட்சியில் பட்டியலிட 20 சென்ட், விலையும் அனுப்பும் செலவும் சேர்ந்த தொகையில் 6.5 சதவீதம், பணம் பெற்றுத்தர 3 சதவீதமும் 25 சென்டும் என்ற கணக்கில் கட்டணம் 22 டாலர் அளவில் நிற்கும், மிஞ்சுவது 104. ஆனால் எட்சி வெளித்தளங்களில் செய்யும் விளம்பரத்தின் வழியாக வாங்குபவர் வந்திருந்தால் சிறு கடைகளிடம் இன்னும் 15 சதவீதம், அதாவது இந்தக் கணக்கில் 33 டாலர், பிடித்துக்கொள்ளும். ஆண்டுக்கு 10,000 டாலருக்குக் கீழ் விற்கும் கடைகள் அந்த விளம்பரத் திட்டத்திலிருந்து விலகிக்கொள்ளலாம். கடை திறந்த அன்றே அமைப்புகளுக்குள் சென்று விலகிவிடுங்கள். கட்டணங்கள் அவ்வப்போது மாறுபவை. பட்டியலிடும் நாளில் தளத்தின் கட்டணப் பக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

60 டாலர் அனுப்பும் செலவு அதிகமாகத் தோன்றும். இந்தத் தொழிலில் புதியவர்கள் கையைச் சுட்டுக்கொள்ளும் இடம் இதுதான், ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். உங்கள் மரத்தின் ஃபிரேம் 22க்கு 18 அங்குலம். பாதுகாப்பாகக் கட்டினால் வெளிப்பெட்டி 26க்கு 22க்கு 8 அங்குலம் ஆகிவிடும். பெட்டி ஒன்பது பவுண்டுதான் எடையிருக்கும், ஆனால் ஒரு கன அடியைத் தாண்டிய பெட்டிக்கு அஞ்சல் துறை கன அளவை எடையாக மாற்றிக் கணக்கிடும். மூன்று அளவுகளையும் பெருக்கினால் 4,576 கன அங்குலம். அதை 166ஆல் வகுத்தால் 28 பவுண்டு. ஃபெடெக்ஸ் என்ற தனியார் கூரியர் 139ஆல் வகுப்பதால் அங்கே 33 பவுண்டு. இதற்குமேல், 22 அங்குலத்தைத் தாண்டும் நீளத்துக்கும் இரண்டு கன அடியைத் தாண்டும் பெட்டிக்கும் அஞ்சல் துறை தனிக் கட்டணம் வாங்குகிறது. ஆகவே பட்டியலிடுவதற்கு முன்பே பெட்டியைக் கண்டுபிடித்து, கட்டி, அளந்து, தொலைதூரமான கலிஃபோர்னியாவுக்கும் அருகிலுள்ள பென்சில்வேனியாவுக்கும் எவ்வளவு ஆகும் என்று பார்த்துவிடுங்கள். உத்தேசமாக 25 டாலர் போட்டுவிட்டு விற்ற பிறகு வருந்துபவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

கட்டும்போது கண்ணாடியின்மேல் பெயின்டர் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுங்கள்; உடைந்தாலும் சில்லுகள் நகைகள்மேல் சிதறாது. நான்கு மூலைகளுக்கும் கெட்டி அட்டை, அதன்மேல் குமிழி உறை, அதை ஒரு பெட்டியில் வைத்து அந்தப் பெட்டியை இன்னொரு பெட்டிக்குள் வைப்பது. கண்ணாடியில்லாத பூக்கூடையை யாருக்காவது அனுப்ப நேர்ந்தால், முகப்பில் எதுவும் நேரடியாக அழுத்தக் கூடாது. ஃபிரேமின் விளிம்புகள்மேல் மட்டும் தாங்கும்படி ஒரு கெட்டி அட்டையைப் பாலம்போல் கட்டுங்கள். சூட்டுப் பசை வெப்பத்தில் இளகும் என்பதால் ஜூலை, ஆகஸ்டில் அதை லாரியில் அனுப்ப நான் துணியமாட்டேன். அதை உள்ளூரில் விற்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

துப்புரவு, பழுதுபார்ப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். தண்ணீர் வேண்டவே வேண்டாம். ரைன்ஸ்டோன் எனப்படும் பழைய கண்ணாடிக் கற்களின் பின்னால் கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பும் ஃபாயில் பூச்சு இருக்கிறது. ஈரம் உள்ளே போனால் அது அரிக்கப்பட்டு, கல் சாம்பல் நிறமாகவோ மஞ்சளாகவோ செத்துப்போகும். கண்ணாடியைத் துடைக்கும் திரவத்தையும் படத்தின்மேல் தெளிக்காமல் துணியில் தெளித்துத் துடையுங்கள்; ஓரத்தில் வழிந்து உள்ளே இறங்கினால் வெல்வெட் கறைபடும். மயிலின் பின்தாளைத் தூசு தட்டுவதற்காகக் கிழிக்காதீர்கள், அதுதான் உங்கள் வயதுச் சான்று. பூக்கூடையை மென்மையான ஓவியத் தூரிகையால் தட்டினால் போதும். மரத்தின் வலதுபக்கத்து ப்ரூச் ஒன்றின் விளிம்பில் பச்சைப் படிவு தெரிகிறது. செம்பு கலந்த உலோகம் அரிப்பதால் வருவது. தனி நகையாக இருந்தால் சரிசெய்யலாம். வெல்வெட்டில் ஒட்டியிருக்கும்போது அதைத் தொடாமல், புகைப்படத்தில் காட்டி, விவரணையில் சொல்லிவிடுவதே நல்லது.

கழன்று ஃபிரேமுக்குள்ளேயே கிடக்கும் நகையை மீண்டும் ஒட்டலாம். இடம் வெல்வெட்டில் தடமாகத் தெரியும். நகைக் கைவினைக்கு விற்கப்படும் இ6000 போன்ற பசையைச் சிறிதளவு பயன்படுத்துங்கள். சூப்பர் குளூ வேண்டாம், அதன் ஆவி பட்ட இடமெல்லாம் கற்கள்மேல் வெண்படலம் படியும். விழுந்து தொலைந்த கற்களுக்குப் பதிலாகப் புதுக் கற்களைப் பதிப்பது அவசியமில்லை என்பது என் கருத்து. மூன்று நான்கு கற்கள் இல்லாததால் மரத்தின் அழகு குறையவில்லை. பழையவற்றின் நடுவே புதுக் கல் மட்டும் தனியாக மின்னி, எதையெல்லாம் மாற்றினீர்களோ என்ற ஐயத்தைத்தான் வாங்குபவருக்குக் கிளப்பும். மாற்றினால் எத்தனை, எங்கே என்று எழுதியே ஆக வேண்டும்.

மரத்தின் விளக்குகள் தனிக்கவனம் வேண்டுபவை. ஐம்பதாண்டுப் பழைய மின்கம்பியின் உறை காய்ந்து வெடித்திருக்கலாம். எரிகிறதா என்று பார்க்கக்கூட ஆளில்லாமல் செருகி வைக்காதீர்கள். ‘விளக்குகள் அலங்காரமாக மட்டும், கம்பியை மாற்றாமல் பயன்படுத்தக் கூடாது’ என்று எழுதுங்கள். விலை சற்றுக் குறையலாம். அந்தக் குறைவை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

விவரணையில் செய்தவரைப் பற்றி என்ன எழுதுவது? தெரிந்ததை மட்டும். ‘நியூ ஜெர்சியில் ஒரு வீட்டு எஸ்டேட் சேலில் கிடைத்தது, பின்புறம் ஆர்.எம். 1971 என்ற பென்சில் குறிப்பு’ என்பதே வலுவான செய்தி. விற்பனையை நடத்தியவர்கள் மூலமாக மூதாட்டியின் குடும்பத்தாரைக் கேட்டுப் பாருங்கள். அவரே செய்ததா, அவருடைய தாயோ தோழியோ செய்ததா என்று தெரியவந்தால், அவர்கள் சம்மதித்தால் மட்டும், பெயரைச் சேருங்கள். குடும்பத்தார் பதில் சொல்லாவிட்டால் ‘செய்தவர் பெயர் தெரியவில்லை’ என்று எழுதுங்கள். பனிக்கால இரவுகளில் பாட்டி பேத்திக்காகச் செய்தது என்பதுபோல் கற்பனையாகக் கதை கட்டாதீர்கள். இத்தகைய படங்களை வாங்குகிறவர்கள் அந்தக் கதையை நம்பித் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். பொய் அப்படியே அடுத்த தலைமுறைக்குப் போய்விடும்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. சட்டப்படி வாங்கிய கலைப்பொருளை மறுவிற்பனை செய்ய அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அதைப் புகைப்படமெடுத்து வாழ்த்து அட்டையாக அச்சிட்டு விற்பது வேறு விஷயம். அந்த உரிமை செய்தவருடையது. மயிலின் கழுத்தில் வெண்மையான ஓர் உருவம் செதுக்கிய துண்டு இருக்கிறதே, அது பிளாஸ்டிக்கா எலும்பா தந்தமா என்று நேரில் பார்க்கக்கூடிய ஒருவரிடம் காட்டிவிடுங்கள். தந்தத்தை ஈபே, எட்சி இரண்டுமே அனுமதிப்பதில்லை. பழைய படிகக் கற்களில் ஈயம் கலந்திருப்பது வழக்கம் என்பதால் குழந்தைகள் அறைக்கான அலங்காரம் என்று விளம்பரப்படுத்தாதீர்கள். பெயர்பெற்ற நிறுவனத்தின் பொத்தானோ ப்ரூச்சோ தெரிந்தாலும் அந்தப் பெயரைத் தலைப்பில் போட்டு விற்காதீர்கள். தன் முத்திரையுள்ள பழைய பொத்தான்களை நகையாக மாற்றி விற்ற ஒரு சிறு நிறுவனத்தின்மீது, பிரெஞ்சு ஆடை அலங்கார நிறுவனமான சானல் 2021இல் நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தது. லாபத்தைப் பொறுத்தவரை, தளம் வரிப் படிவம் அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும் அது வருமான வரிக்கணக்கில் காட்டப்பட வேண்டியது. வாங்கிய 60 டாலருக்கான ரசீதையும் பெட்டி, அஞ்சல் ரசீதுகளையும் ஓர் உறையில் போட்டு வையுங்கள்.

இனி எங்கே, எப்போது என்பது. மரத்தை எட்சியில் விண்டேஜாகப் போடலாம். எட்சிக் கடையைப் பராமரிக்க விருப்பமில்லையென்றால் ஈபே போதும். ஏலத்தில் 99 சென்டில் தொடங்காதீர்கள். இத்தகைய பொருளைத் தேடுபவர்கள் குறைவு. ஏலம் முடியும் அந்த மணிநேரத்தில் அவர்களில் இருவராவது வந்திருப்பார்கள் என்பதற்கு உத்தரவாதமில்லை. நிலையான விலை வைத்து, பேரத்துக்கு இடம் கொடுங்கள். 130 டாலருக்குக் குறைந்து மரத்தைத் தராதீர்கள். நேரில் விற்க விரும்பினால் லாம்பர்ட்வில்லின் பழம்பொருள் சந்தை உங்களுக்கு எட்டும் தூரம்தான். ஒருமுறை விற்கும் எண்ணமில்லாமல் போய், யார் யார் கவரிங் நகை வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள். அங்குள்ள வியாபாரிகள் திரும்ப விற்பதற்காக வாங்குபவர்கள் என்பதால் என் விலையில் பாதியைத்தான் சொல்வார்கள்; அது ஏமாற்றல்ல, அவர்களுடைய வாடகையும் உழைப்பும் அதில் அடங்கும். கண்ணாடி உடையும் கவலையும் பெட்டி கட்டும் வேலையும் இல்லாததை எண்ணிப் பார்த்து முடிவெடுங்கள். பூக்கூடைக்கு ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் போதும்; வாங்குபவர் வந்து எடுத்துக்கொள்ளும்படி போடுங்கள்.

மயிலை இப்போதே பட்டியலிடலாம், அதற்குப் பருவமில்லை. அதை விற்கும்போதே பெட்டி கட்டுவதிலும் வாங்குபவரின் கேள்விகளுக்குப் பதில் சொல்வதிலும் பழகிவிடுவீர்கள். மரத்தை அக்டோபர் முதல் வாரத்தில் போடுங்கள். அலங்காரத்தை முன்கூட்டியே திட்டமிடுபவர்கள் அப்போதே தேடத் தொடங்குவார்கள். டிசம்பர் நடுவில், கிறிஸ்துமஸுக்குள் போய்ச் சேராது என்ற நிலை வந்ததும் பட்டியலை எடுத்துவிடுங்கள். ஜனவரியில் பாதி விலைக்குத் தள்ளிவிட வேண்டாம். வெப்பம் ஏறும் மாடியறையிலும் ஈரம் கசியும் நிலவறையிலும் வைக்காமல், துணி சுற்றி ஓர் உடையலமாரியில் நிமிர்த்தி வைத்திருந்து அடுத்த அக்டோபரில் அதே விலைக்குப் போடுங்கள்.